ரத்து செய்தாச்சு, சரி... அதை யார் பார்க்கிறார்கள்?

2014 ஜூலை 2, புதன்கிழமை. கூகுளுக்குச் சொந்தமான சில இணைய முகவரிகளுக்கு, கூகுள் கேட்காமலேயே டிஜிட்டல் சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருப்பது அந்த நிறுவனத்தின் கண்ணில் பட்டது. வழங்கியது இந்திய அரசின் தேசியத் தகவலியல் மையம், அதாவது என்ஐசி. அங்கே சான்றிதழ் வழங்கும் அமைப்பு ஊடுருவலுக்கு ஆளாகியிருந்தது பிறகு தெரியவந்தது.

இப்படி ஒரு சான்றிதழும் அதன் ரகசியச் சாவியும் கையில் இருந்து, இணையப் போக்குவரத்தின் நடுவில் உட்காரவும் வழி இருந்தால், ஒருவர் தன்னைக் கூகுள் என்றே காட்டிக்கொள்ளலாம். பிரவுசரில் பூட்டுச் சின்னம் வரும். எந்த எச்சரிக்கையும் வராது. இந்தியாவின் மூலச் சான்றிதழ் மைக்ரோசாஃப்ட்டின் நம்பிக்கைப் பட்டியலில் இருந்ததால், விண்டோஸ் கணினிகளில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் அதை நம்பும் நிலை. ஃபயர்பாக்ஸ் தனக்கென்று தனிப் பட்டியல் வைத்திருந்ததால் தப்பியது.

மறுநாளே, ஜூலை 3-ல், இந்தியாவின் சான்றளிப்பு அமைப்புகளுக்கான கட்டுப்பாட்டாளர், என்ஐசியின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தார். வேகமான நடவடிக்கைதான். அதோடு கதை முடிந்ததா? இல்லை. கூகுள் தன் குரோம் பிரவுசருக்குத் தனியாக ஒரு தடைப் பட்டியலை அனுப்பியது. மைக்ரோசாஃப்ட் விண்டோஸுக்கு வேறொரு அப்டேட்டை அனுப்பியது.

முறைப்படி ரத்து செய்த பிறகும் இவர்கள் ஏன் தனித்தனியாகத் தடுக்க வேண்டியிருந்தது? இந்தக் கேள்விக்கான பதில், ஐடி ஊழியர்கள், வீட்டிலிருந்து விபிஎன் வழியாக வேலை பார்ப்பவர்கள், டிஜிட்டல் கையெழுத்து போடும் சிறுதொழில் செய்பவர்கள் என எல்லோரையும் தொடுகிறது. சான்றிதழை ரத்து செய்வது என்பது ஓர் அறிவிப்பு மட்டுமே. அந்த அறிவிப்பை யாராவது எடுத்துப் பார்த்தால்தான் அதற்கு உயிர்.

ரத்தான டிக்கெட்டும் டிடிஇ கையிலுள்ள பட்டியலும்

ரயில் டிக்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பிரின்ட் எடுத்து வைத்த டிக்கெட்டை ஒருவர் ஆன்லைனில் கேன்சல் செய்துவிட்டார். கையிலுள்ள காகிதத்தில் ஏதாவது மாறியதா? பெயர், பெட்டி எண், தேதி எல்லாம் அப்படியேதான் இருக்கும். அது செல்லாது என்பது டிடிஇ கையிலுள்ள பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும். அவர் பட்டியலைப் பார்க்காமல் காகிதத்தை மட்டும் பார்த்துத் தலையாட்டினால், கேன்சல் ஆன டிக்கெட்டிலும் பயணம் போகலாம்.

டிஜிட்டல் சான்றிதழும் அப்படித்தான். அதில் யாருடையது, யார் கொடுத்தது, எப்போது காலாவதி என்ற விவரங்கள் இருக்கும். வழங்கிய நிறுவனத்தின் கையொப்பமும் இருக்கும். ஒருமுறை கொடுத்த ஃபைலைத் திரும்ப வாங்க முடியாது, அதற்குள் போய் எதையும் அழிக்கவும் முடியாது. எனவே, "இந்த வரிசை எண்கள் இனி செல்லாது" என்று சான்றளிக்கும் நிறுவனம் ஒரு பட்டியலை வெளியிடுகிறது. அதுதான் சிஆர்எல் எனப்படும் ரத்துப் பட்டியல்.

பட்டியலின் வடிவம் 2008 மே மாதம் வெளியான ஆர்எஃப்சி 5280 என்ற தரநிலையில் வரையறுக்கப்பட்டிருக்கிறது. அதற்குள் பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. பட்டியலை வெளியிட்டவர் யார், எப்போது வெளியிட்டார், அடுத்த பட்டியல் எப்போது வரும் ஆகியவை முதலில் இருக்கும். பிறகு, ரத்தான ஒவ்வொரு சான்றிதழின் வரிசை எண்ணும் ரத்தான தேதியும் வரும். சில நேரம் காரணமும் இருக்கும்: ரகசியச் சாவி வெளியே போய்விட்டது, புதிய சான்றிதழ் வாங்கியாச்சு, அந்தச் சேவையே மூடப்பட்டுவிட்டது என்பது போல. கடைசியில் வெளியிட்டவரின் கையொப்பம். அவ்வளவுதான்.

டெர்மினலில் நான்கே படிகள்

இந்தப் பட்டியலைப் பார்க்க விலை கொடுத்து எந்த மென்பொருளும் வாங்க வேண்டாம். லினக்ஸிலும் மேக்கிலும் கட்டளை வரியில், அதாவது டெர்மினலில், ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற இலவசக் கருவி போதும். விண்டோஸில் சர்ட்யூட்டில் என்ற கட்டளை ஏற்கெனவே இருக்கிறது.

முதல் படி, சான்றிதழைக் கையில் எடுப்பது. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 'எஸ்-கிளையன்ட்' என்ற துணைக் கட்டளையிடம் இணையதளத்தின் பெயரையும் 443 என்ற போர்ட் எண்ணையும் கொடுத்தால், அந்தத் தளம் காட்டும் சான்றிதழைத் திரையில் கொட்டிவிடும். அதை ஒரு ஃபைலாகச் சேமித்துக்கொள்ளலாம்.

இரண்டாவது படி, பட்டியல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. 'எக்ஸ்509' என்ற துணைக் கட்டளை அந்தச் சான்றிதழைப் படிக்கும்படி விரித்துக் காட்டும். அதில் 'சிஆர்எல் டிஸ்ட்ரிபியூஷன் பாயின்ட்ஸ்' என்ற தலைப்பின் கீழ் ஒரு முகவரி இருக்கும். அது பெரும்பாலும் பூட்டு இல்லாத வெறும் 'ஹெச்டிடிபி' முகவரியாக இருப்பதைப் பார்த்துப் பலர் திடுக்கிடுவார்கள். அது தவறல்ல. பாதுகாப்பான இணைப்பைச் சரிபார்க்கத்தான் பட்டியல் தேவை. பட்டியலை எடுக்கவே பாதுகாப்பான இணைப்பு வேண்டும் என்றால், கோழியா முட்டையா என்ற கதையாகிவிடும். பட்டியலின் நம்பகத்தன்மை அது வரும் வழியில் இல்லை, அதிலுள்ள கையொப்பத்தில் இருக்கிறது.

மூன்றாவது படி, பட்டியலை இறக்கி விரித்துப் பார்ப்பது. 'கர்ல்' அல்லது 'டபிள்யூகெட்' கருவியால் டவுன்லோடு செய்து, ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 'சிஆர்எல்' துணைக் கட்டளையிடம் கொடுக்க வேண்டும். இங்கேதான் புதியவர்கள் முதலில் தடுக்கி விழுவார்கள். பொதுப் பட்டியல்கள் 'டிஇஆர்' என்ற பைனரி வடிவத்தில் வரும். ஓப்பன்எஸ்எஸ்எல்லின் பழைய பதிப்புகள் 'பெம்' என்ற எழுத்து வடிவத்தைத்தான் எதிர்பார்க்கும். 'இன்ஃபார்ம்' என்ற விருப்பத்தில் 'டிஇஆர்' என்று சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. பதிப்பு 3 முதல் வடிவத்தை அதுவே கண்டுகொள்ளும். இதே கட்டளையிடம், பட்டியலை வெளியிட்ட நிறுவனத்தின் சான்றிதழையும் 'சிஏஃபைல்' என்ற விருப்பத்தில் கொடுத்தால், கையொப்பம் உண்மையானதா என்றும் சொல்லிவிடும். இதைத் தவிர்க்கவே கூடாது. பூட்டில்லாத வழியில் வந்த ஃபைல் ஆயிற்றே!

நான்காவது படி, தீர்ப்பு. 'வெரிஃபை' என்ற துணைக் கட்டளையிடம் சான்றிதழ், அதன் சங்கிலி, ரத்துப் பட்டியல் மூன்றையும் கொடுத்து, 'சிஆர்எல் செக்' என்ற விருப்பத்தையும் சேர்க்க வேண்டும். ரத்தான சான்றிதழ் என்றால் பிழை எண் 23 வரும். பட்டியலே கிடைக்கவில்லை என்றால் பிழை எண் 3. பட்டியல் காலாவதியாகிவிட்டது என்றால் பிழை எண் 12. இந்த மூன்று எண்களும் நினைவில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

'ஓகே' என்பதன் அர்த்தம்

நான்காவது படியில் 'சிஆர்எல் செக்' என்பதைச் சேர்க்க மறந்துவிட்டால் என்ன ஆகும்? பிழை வருமா? வராது. 'ஓகே' என்று வரும். ரத்தான சான்றிதழாக இருந்தாலும் 'ஓகே'தான். ஏனென்றால், கையொப்பம் சரியா, தேதி சரியா என்று மட்டும்தான் அதனிடம் கேட்கப்பட்டது. கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லாது.

ஓப்பன்எஸ்எஸ்எல்லில் மட்டும்தான் இப்படி என்றில்லை. லினக்ஸ் சர்வர்களில் தினமும் ஓடும் 'கர்ல்' கருவி, ஓப்பன்எஸ்எஸ்எல்லை நம்பி இயங்கும்போது, ரத்துப் பட்டியலைத் தானாகப் பார்ப்பதில்லை. அதற்கென்று பட்டியல் ஃபைலை நாம்தான் கையில் கொடுக்க வேண்டும். பைத்தானின் எஸ்எஸ்எல் மாட்யூலும் இயல்பு நிலையில் பார்ப்பதில்லை. இரவு 2 மணிக்குத் தானாக ஓடி, வங்கியிடமோ வாடிக்கையாளரிடமோ தரவு வாங்கிவரும் ஸ்கிரிப்ட்டுகள் பெரும்பாலும் இப்படிப்பட்ட கருவிகளை வைத்துத்தான் எழுதப்படுகின்றன.

சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்க்கலாம். பொதுச் சான்றிதழ் நிறுவனங்கள், வேண்டுமென்றே ரத்து செய்யப்பட்ட சான்றிதழுடன் ஒரு சோதனைப் பக்கத்தை வைத்திருக்க வேண்டும் என்பது அந்தத் துறையின் விதி. அந்தப் பக்கத்தை முதலில் பிரவுசரில் திறந்து பாருங்கள். பிறகு உங்கள் அலுவலக ஸ்கிரிப்ட்டால் திறந்து பாருங்கள். ஸ்கிரிப்ட் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டால், அது டிக்கெட்டை மட்டும் பார்க்கிறது, பட்டியலைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. 'சிஆர்எல் செக்' என்ற விருப்பம், கடைசிச் சான்றிதழை மட்டும்தான் பட்டியலோடு ஒப்பிடும். 'சிஆர்எல் செக் ஆல்' என்று சொன்னால்தான் சங்கிலியின் நடுவிலுள்ள சான்றிதழ்களையும் பார்க்கும். 2014-ல் இந்தியாவில் ரத்து செய்யப்பட்டவை இடைநிலைச் சான்றிதழ்கள் என்பது நினைவிருக்கிறதா? கடைசிக் கண்ணியை மட்டும் பார்க்கும் சோதனைக்கு அந்த ரத்து கண்ணிலேயே பட்டிருக்காது.

திங்கட்கிழமை காலை 9 மணி

ரத்துப் பட்டியலுக்கும் காலாவதி உண்டு. 'அடுத்த பட்டியல்' என்று ஒரு தேதி போட்டிருக்கிறதே, அதைத் தாண்டினால் அந்தப் பட்டியலை நம்பக் கூடாது. நேற்றைய பட்டியலை வைத்து இன்றைய ரயிலில் டிக்கெட் பார்க்க முடியாது, அல்லவா?

இது காகித விதியாகத் தோன்றலாம். ஆனால், சொந்தமாக விபிஎன் நடத்தும் சிறு அலுவலகங்களில் இதன் அடி நேராக விழும். ஓப்பன்விபிஎன் என்ற இலவச மென்பொருளை எடுத்துக்கொள்வோம். ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஒரு சான்றிதழ். வேலையை விட்டுப் போனவரின் சான்றிதழை ரத்து செய்து, பட்டியலைப் புதுப்பித்து, சர்வரில் வைக்க வேண்டும். 'சிஆர்எல் வெரிஃபை' என்ற ஒரு வரி, அந்தப் பட்டியலைப் பார்க்கும்படி சர்வருக்குச் சொல்லும். இந்தச் சான்றிதழ்களைச் செய்யப் பலரும் பயன்படுத்தும் ஈசி-ஆர்எஸ்ஏ கருவி, பட்டியலுக்கு இயல்பாகக் கொடுக்கும் ஆயுள் 180 நாட்கள். ஓப்பன்விபிஎன் பதிப்பு 2.4 முதல், பட்டியல் காலாவதியானால் சர்வர் யாரையுமே உள்ளே விடாது.

காட்சியைக் கற்பனை செய்துபாருங்கள். ஆறு மாதமாக யாரும் வேலையை விடவில்லை. பட்டியலைத் தொடும் தேவையே வரவில்லை. ஒரு திங்கட்கிழமை காலை அலுவலக வாட்ஸ்அப் குழு அலறுகிறது.

"அண்ணா, விபிஎன் கனெக்ட் ஆகவே மாட்டேங்குது. உங்களுக்கு?"

"எனக்கும் இல்லப்பா. சர்வர் டவுனா?"

"சர்வர் ஓடிட்டுதான் இருக்கு. லாக்ல ஏதோ சிஆர்எல் எக்ஸ்பயர்டுன்னு வருது."

அடுத்து வரும் வாக்கியம்தான் ஆபத்தானது: "அந்த ஒரு வரியைத் தூக்கிடு தம்பி. எல்லாரும் உள்ள வரட்டும். அப்புறமா பார்த்துக்கலாம்."

வரியைத் தூக்கியதும் எல்லாம் சரியாகிவிடும். குழு அமைதியாகிவிடும். ஆனால், அந்த நொடியில் அதுவரை ரத்து செய்யப்பட்ட ஒவ்வொரு சான்றிதழும், காலாவதியாகாமல் இருந்தால், மீண்டும் உயிர் பெற்றுவிடும். போன வருடம் சண்டை போட்டுவிட்டுப் போனவரின் லேப்டாப், பேருந்தில் தொலைந்த இன்னொருவரின் லேப்டாப், ஒப்பந்தம் முடிந்துபோன வெளி நிறுவனத்தின் கணினி, எல்லாவற்றுக்கும் கதவு திறந்திருக்கும். எந்த லாக்கிலும் "பழைய ஆட்களை உள்ளே விடுகிறேன்" என்று எழுதி வராது. "அப்புறமா" என்ற நாளும் பெரும்பாலும் வராது.

சரியான தீர்வு இதைவிடக் கஷ்டமானது அல்ல. ஈசி-ஆர்எஸ்ஏவில் 'ஜென்-சிஆர்எல்' என்ற ஒரே கட்டளை புதிய பட்டியலைக் கொடுத்துவிடும். அதைச் சர்வரில் பழைய இடத்தில் வைத்தால் போதும். ஆனால், அதற்குச் சான்றளிக்கும் மூலச் சாவியும் அதன் கடவுச்சொல்லும் தேவை. அது ஒரே ஒருவருக்குத்தான் தெரியும், அவர் ஊருக்குப் போயிருக்கிறார் என்றால்? கடைசியில் இது கட்டளை தெரிந்தவர்களின் பற்றாக்குறையாக இருப்பதில்லை. யார் பொறுப்பு என்று எழுதி வைக்காததன் விளைவாகவே இருக்கிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. என்ஜின்எக்ஸ் வெப் சர்வரில் வாடிக்கையாளர் சான்றிதழ்களைச் சரிபார்க்க ரத்துப் பட்டியலைக் கொடுக்கலாம். ஆனால், ஃபைலை மாற்றினால் மட்டும் போதாது. சர்வரை 'ரீலோடு' செய்தால்தான் புதிய பட்டியலைப் படிக்கும். ஃபைல் புதுசு, சர்வரின் நினைவில் இருப்பது பழசு. ரத்து செய்துவிட்டோம் என்ற நிம்மதி மட்டும் மிஞ்சும்.

பிரவுசர்கள் விலகிய கதை, பட்டியல் திரும்பிய கதை

பெரிய பிரவுசர்கள் மட்டும் ஒழுங்காகப் பார்த்தனவா என்றால், அதுவும் இல்லை. பட்டியலின் அளவு ஒரு காரணம். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை ஓப்பன்எஸ்எஸ்எல்லில் கண்டுபிடிக்கப்பட்டது. சர்வரின் ரகசியச் சாவியையே அதன் வழியாக உருவ முடியும் என்பதால், உலகெங்கும் சான்றிதழ்கள் கொத்துக்கொத்தாக ரத்தாயின. கிளவுட்ஃபிளேர் தன் வாடிக்கையாளர்களின் சான்றிதழ்களை மொத்தமாக ரத்து செய்தபோது, குளோபல்சைன் நிறுவனத்தின் ஒரு பட்டியல் சுமார் 22 கேபியிலிருந்து 4 எம்பிக்கு மேல் வீங்கியது. ஓர் இணையதளத்தைத் திறக்கும் முன் ஒவ்வொரு போனும் இவ்வளவு பெரிய ஃபைலை இறக்க வேண்டும் என்றால் யார் காத்திருப்பார்கள்?

இதற்கு மாற்றாக வந்தது ஓசிஎஸ்பி. முழுப் பட்டியலையும் வாங்காமல், "இந்த ஒரு சான்றிதழ் செல்லுமா?" என்று மட்டும் நிறுவனத்திடம் நேரடியாகக் கேட்கும் முறை. கேட்க நன்றாக இருந்தாலும் இரண்டு சிக்கல்கள். ஒன்று, நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது சான்றளிக்கும் நிறுவனத்துக்குத் தெரிந்துவிடும். இரண்டு, பதில் வராவிட்டால் என்ன செய்வது? தளத்தைத் திறக்காமல் விட்டால் பயனாளர் திட்டுவார். எனவே, பதில் வராவிட்டால் "பரவாயில்லை, செல்லும்" என்றே பிரவுசர்கள் எடுத்துக்கொண்டன. நடுவில் உட்கார்ந்திருக்கும் திருடனுக்கு அந்தப் பதிலைத் தடுப்பது பெரிய வேலையா என்ன? 2014-ல் கூகுளும் மைக்ரோசாஃப்ட்டும் தனியாகத் தடைப் பட்டியல் அனுப்பியதற்குக் காரணம் இதுதான். வழக்கமான வழியில் ரத்துச் செய்தி எல்லோரையும் போய்ச் சேரும் என்று அவர்களாலேயே நம்ப முடியவில்லை.

இப்போது சக்கரம் திரும்பிவிட்டது. இலவசச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட், 2025 ஆகஸ்ட் 6-ல் தன் ஓசிஎஸ்பி சேவையை நிறுத்திவிட்டது. அதற்கு முன் உச்சத்தில் மாதத்துக்குச் சுமார் 34,000 கோடி கேள்விகளுக்கு அது பதில் சொல்லிக்கொண்டிருந்தது. தனியுரிமையை முக்கியக் காரணமாகச் சொல்லி, மீண்டும் ரத்துப் பட்டியலுக்கே திரும்பியது. ஃபயர்பாக்ஸ், உலகிலுள்ள ரத்துப் பட்டியல்களைச் சேர்த்து நெருக்கி, கைக்கு அடக்கமாகப் பயனாளருக்கு அனுப்பும் சிஆர்எல்லைட் முறையைக் கொண்டுவந்திருக்கிறது. செத்துவிட்டது என்று பலர் எழுதிவிட்ட பட்டியல், மீண்டும் நடுவீட்டுக்கு வந்துவிட்டது. ஓசிஎஸ்பியை மட்டும் நம்பி எழுதப்பட்ட அலுவலக ஸ்கிரிப்ட்டுகள் இருந்தால், அவற்றைத் திருத்த வேண்டிய நேரம் இது.

ரத்து செய்யவே தயக்கம்

பார்ப்பவர்கள் பார்க்காதது ஒரு பக்கம். ரத்து செய்ய வேண்டியவர்களுக்கே கை நடுங்குவது இன்னொரு பக்கம். 2020 பிப்ரவரி கடைசியில், லெட்ஸ் என்கிரிப்ட் தன் மென்பொருளில் ஒரு பிழையைக் கண்டுபிடித்தது. பாதிக்கப்பட்ட சான்றிதழ்கள் 30 லட்சத்துக்கும் மேல். விதிப்படி சில நாட்களுக்குள் அனைத்தையும் ரத்து செய்ய வேண்டும். 17 லட்சத்துக்கும் மேல் ரத்து செய்துவிட்டு, மீதியைக் கெடுவுக்குள் ரத்து செய்தால் ஏராளமான தளங்கள் திறக்காமல் போகும் என்று நிறுத்திக்கொண்டது. 2024 ஜூலையில் டிஜிசர்ட் நிறுவனம், 83,267 சான்றிதழ்களை 24 மணி நேரத்தில் ரத்து செய்யப்போவதாக அறிவித்தது. முக்கியமான சேவைகளை நடத்துபவர்கள் மாற்ற முடியாமல் தவித்ததால், சிலருக்குக் கூடுதல் நாட்கள் தர வேண்டியிருந்தது.

சான்றிதழ்களின் ஆயுளையே குறைத்துவிட்டால் இந்தத் தலைவலி இருக்காதே என்ற வாதம் வலுவாக இருக்கிறது. பொது இணையதளச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் படிப்படியாகக் குறைந்து 2029 மார்ச்சில் 47 நாட்களாகும் என்று பிரவுசர் நிறுவனங்களும் சான்றளிக்கும் நிறுவனங்களும் சேர்ந்து முடிவெடுத்துள்ளன. லெட்ஸ் என்கிரிப்ட் 6 நாள் சான்றிதழே கொடுக்கத் தொடங்கிவிட்டது. நல்ல திசைதான். ஆனால், அலுவலக விபிஎன் சான்றிதழ்களுக்கும், நம் கைகளிலுள்ள டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்களுக்கும் அந்த விதி பொருந்தாது. அவை ஆண்டுக்கணக்கில் செல்லும்.

ஆடிட்டர் டிராயரில் இருக்கும் டோக்கன்

வருமான வரி, ஜிஎஸ்டி, கம்பெனிப் பதிவு, இ-டெண்டர் ஆகியவற்றுக்காக வாங்கும் டிஎஸ்சி என்ற டிஜிட்டல் கையெழுத்துச் சான்றிதழ், இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பென் டிரைவ் போன்ற ஒரு டோக்கனில் வரும். பல சிறுதொழில் முனைவோர் அதை வாங்கிய அன்றே ஆடிட்டர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். கடவுச்சொல்லைச் சின்னச் சீட்டில் எழுதி டோக்கனிலேயே ஒட்டிவைப்பதும் நடக்கிறது.

தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-ன் பிரிவு 42, ரகசியச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது சான்றிதழ்தாரரின் கடமை என்கிறது. சாவி பிறர் கைக்குப் போய்விட்டால், தாமதமில்லாமல் சான்றளித்த நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். சொல்லும் வரை பொறுப்பு அவருடையதே. அதாவது, டோக்கன் தொலைந்தது திங்கட்கிழமை, சொன்னது வெள்ளிக்கிழமை என்றால், இடையிலுள்ள நாட்களில் போடப்படும் கையெழுத்துகளுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஏடிஎம் கார்டு தொலைந்தால் உடனே வங்கிக்கு போன் போடுகிறோம். டோக்கன் தொலைந்தால், "தேடிப் பார்ப்போம், எங்க போயிடப்போகுது" என்கிறோம்.

கையெழுத்தை வாங்குபவருக்கும் கடமை இருக்கிறது. டிஜிட்டல் கையெழுத்துடன் வந்த பிடிஎஃப்பில் பச்சை நிற டிக் தெரிந்தால் போதும் என்று பலர் மூடிவிடுகிறார்கள். கையெழுத்தின் விவரங்களைத் திறந்து, ரத்துச் சோதனை நடந்ததா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்.

மூன்றே கேள்விகள்

ஒவ்வொரு அலுவலகமும் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சான்றிதழை ரத்து செய்யச் சொல்லும் அதிகாரம் யாருக்கு, அவர் இல்லாதபோது யாருக்கு? ரத்துப் பட்டியல் எந்தத் தேதியில் காலாவதியாகிறது, அதற்கு ஒரு வாரம் முன்பே எச்சரிக்கை வருமா? பட்டியல் கிடைக்காதபோது கதவைத் திறந்து வைப்பதா, மூடி வைப்பதா?

இரண்டாவது கேள்விக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 'சிஆர்எல்' கட்டளையிடம் 'நெக்ஸ்ட்-அப்டேட்' என்று கேட்டால் காலாவதித் தேதி ஒரே வரியில் வந்துவிடும். அதைத் தினமும் காலையில் ஓடவிட்டு, 7 நாட்களுக்குள் இருந்தால் மெயில் அனுப்பச் சொல்லலாம். அரை மணி நேர வேலை.

மூன்றாவது கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. மருத்துவமனையின் அவசரச் சேவையில் கதவை மூடினால் உயிருக்கு ஆபத்து வரலாம். சம்பளப் பட்டியல் வைத்திருக்கும் சர்வரில் கதவைத் திறந்து வைத்தால் பணத்துக்கு ஆபத்து. ஆனால், அந்த முடிவைத் திங்கட்கிழமை காலை 9 மணிக்கு, நாற்பது பேர் போனில் அலறும்போது, புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் தலையில் கட்டக் கூடாது. அமைதியான ஒரு மதியத்தில், பொறுப்பில் இருப்பவர்கள் உட்கார்ந்து எடுத்திருக்க வேண்டும்.

2014-ல் என்ஐசியின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்ய ஒரு நாள்தான் ஆனது. அதை உலகின் கணினிகள் மதிக்கும்படி செய்ய இரண்டு பெரிய நிறுவனங்கள் தனித்தனியாக ஓட வேண்டியிருந்தது. உங்கள் அலுவலகத்தில் போன மாதம் வேலையை விட்டுப் போனவரின் சான்றிதழும் ரத்தாகியிருக்கலாம். அதைச் சர்வர் பார்க்கிறதா என்று, டெர்மினலைத் திறந்து இன்றே ஒருமுறை கேட்டுவிடுங்கள்.